கொடுப்பவர் இல்லாத கொடை

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவின் வடபகுதி தொடங்கி அலாஸ்கா வரை, பசிபிக் பெருங்கடலை ஒட்டி ஊசியிலைக் காடுகள் நீண்டு கிடக்கின்றன. சிட்கா ஸ்புரூஸ், ஹெம்லாக், செடார் முதலிய மரங்கள் அங்கே வானளாவ ஓங்கி நிற்கின்றன. அவற்றைக் காண்பவர் அம்மண் மிகுந்த வளமுடையது என்றே எண்ணுவார். உண்மை வேறு. ஆண்டின் பெரும்பகுதியில் பெய்யும் மழை மண்ணிலுள்ள சத்துக்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டு செல்கிறது; ஓடை ஆற்றிலும், ஆறு கடலிலும் அவற்றைச் சேர்த்துவிடுகின்றன. தாவரங்களுக்கு இன்றியமையாத நைட்ரஜன் அந்த மண்ணில் பெரும்பாலும் பற்றாக்குறையாகவே உள்ளது. நீர் பள்ளத்தை நோக்கி ஓடும் இயல்புடையது; ஆகவே மலையின் வளம் கடலைச் சேர்வதில் வியப்பு ஏதுமில்லை. கடலின் வளம் மலைக்குத் திரும்புவது எவ்வாறு?

அதற்கு உள்ள வழிகளுள் ஒன்று சால்மன் மீன்.

பசிபிக் சால்மனில் சினுக், சாக்கை, கோஹோ, பிங்க், சம் என்னும் ஐந்து இனங்கள் அந்தக் கரையில் முக்கியமானவை. இவை யாவும் நன்னீரில், ஓடைப் படுகையின் கூழாங்கற்களுக்கு இடையே பிறக்கின்றன. சில இனங்களின் குஞ்சுகள் கற்களிலிருந்து வெளிவந்ததுமே கடலுக்குப் புறப்பட்டுவிடும். கோஹோ, சாக்கை முதலியவை ஓராண்டோ அதற்கு மேலோ நன்னீரில் தங்கி வளரும். அதன் பின் அவற்றின் வாழ்க்கை கடலில்தான். முழு வளர்ச்சியடைந்த ஒரு சால்மனின் உடல் எடையில் 95 விழுக்காட்டிற்கு மேற்பட்டது கடலில் உண்டு சேர்த்ததே. ஓடை அதற்குக் கொடுத்தது மிகச் சிறிது.

பருவம் வந்ததும் மீன் தான் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்புகிறது. ஒவ்வோர் ஓடைக்கும் தனக்கே உரிய மணம் உண்டு, குஞ்சுப் பருவத்தில் மனத்தில் பதிந்த அந்த மணமே மீனை வழிநடத்துகிறது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஹாஸ்லர் 1950-களில் எடுத்துரைத்தார். பிற்கால ஆய்வுகள் அதை உறுதி செய்தன. ஆற்றில் நுழைந்ததும் மீன் உண்பதை நிறுத்திவிடுகிறது. அதன் உணவுப்பாதை சுருங்குகிறது. ஆண் மீனின் தாடை கொக்கிபோல் வளைகிறது. கடலில் வெள்ளிபோல் ஒளிர்ந்த சாக்கை, ஆற்றில் செந்நிறம் கொள்கிறது. யூகான் ஆற்றில் சினுக் சால்மன்கள் 3000 கிலோமீட்டருக்கும் மேல் எதிர்நீச்சல் போடுகின்றன. இடாஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரிக்குச் செல்லும் சாக்கை, கடலிலிருந்து ஏறத்தாழ 1450 கிலோமீட்டர் பயணம் செய்து, சுமார் 2000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இவ்வளவும் உண்ணா நோன்போடு. உடலில் சேர்த்து வைத்ததை எரித்தே செய்யும் பயணம்.

சேருமிடம் வந்ததும் பெண் மீன் வாலால் கற்களைக் கிளறிப் பள்ளம் பறிக்கிறது. ஆயிரக்கணக்கான முட்டைகளை அதில் இட்டு, கற்களால் மூடி, உடலில் எஞ்சிய வலிமை உள்ளவரை காவல் நிற்கிறது. தோலில் பூஞ்சை படர்ந்து, துடுப்புகள் தேய்ந்து, உயிரோடு இருக்கும்போதே உடல் சிதையத் தொடங்குகிறது. சில நாட்களில் மரணம். அந்த ஓடையில் ஏறி வந்த ஆணும் பெண்ணும் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. தம் குஞ்சுகளை அவை காண்பதேயில்லை.

மீனின் கதை இத்துடன் முடிகிறது. காட்டின் கதை இங்கிருந்து தொடங்குகிறது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் ரைம்கென், ஹைடா குவாய் தீவுகளின் ஓர் ஓடையில் இரவும் பகலும் கருங்கரடிகளைக் கண்காணித்தார். சால்மன் ஏறும் சுமார் 45 நாட்களில் ஒரு கரடி ஏறக்குறைய 700 மீன்களைப் பிடிக்கிறது என்று அவர் கணக்கிட்டார். கரடி ஓடையிலேயே நின்று உண்பதில்லை. மற்றக் கரடிகளின் தொல்லையைத் தவிர்க்க மீனைக் கவ்விக்கொண்டு காட்டிற்குள் செல்கிறது. மூளையையும் சினையையும் கொழுத்த பகுதிகளையும் தின்றுவிட்டு, ஏறத்தாழ பாதியை மரத்தடியில் விட்டுவிட்டு அடுத்த மீனுக்குத் திரும்புகிறது. விட்டதைக் கழுகும் காக்கையும் மரநாயும் உண்கின்றன. மிச்சத்தில் ஈக்கள் முட்டையிடுகின்றன; புழுக்கள் சில நாட்களில் எலும்பை மட்டும் விட்டுவைக்கின்றன. அப்புழுக்கள் மண்ணுக்குள் புகுந்து குளிர்காலத்தைக் கழித்து, இளவேனிலில் ஈக்களாக வெளிவந்து பறவைகளுக்கு இரையாகின்றன. மழை எஞ்சியதை வேருக்குக் கொண்டு சேர்க்கிறது.

இவ்வாறு சேர்ந்தது கடலிலிருந்து வந்ததுதான் என்பதற்குச் சான்று உண்டு. நைட்ரஜனில் சற்றே கனமான ஒரு வகை இருக்கிறது. நைட்ரஜன்-15 என்பது அதன் பெயர். கடல்மீன்களின் உடலில் அதன் விகிதம் அதிகம். மரத்தின் ஊசியிலையில் அவ்விகிதத்தை அளந்தால், அந்த மரம் எவ்வளவு கடலை உண்டிருக்கிறது என்று மதிப்பிடலாம். தென்கிழக்கு அலாஸ்காவில் ஹெல்ஃபீல்டு, நைமன் என்னும் இரு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட முடிவின்படி, சால்மன் முட்டையிடும் ஓடைகளின் கரையிலுள்ள மரம் செடிகளின் இலைகளில் உள்ள நைட்ரஜனில் 22 முதல் 24 விழுக்காடு சால்மனிடமிருந்து வந்தது. நூறடி உயர மரத்தின் உச்சிக் கிளையில், நடுக்கடலில் திரிந்த ஒரு மீனின் உடல் பச்சையாக அசைகிறது.

அலாஸ்காவின் தென்மேற்கில் ஹான்சன் ஓடையில் இன்னொரு சோதனை நடந்தது; ஆய்வாளரின் பொறுமைக்கு அது ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஆண்டுதோறும் இறந்த மீன்களை எண்ணியவர்கள், எண்ணிய மீன்களையெல்லாம் ஓடையின் ஒரே கரையில் எறிந்து வந்தனர். 20 ஆண்டுகளில் அவ்வாறு எறியப்பட்டவை இரண்டு லட்சத்திற்கும் மேல். 2018-இல் முடிவு வெளியாயிற்று: மீன் விழுந்த கரையின் ஸ்புரூஸ் மரங்கள் வளர்ச்சியில் முன்னேற்றம் காட்டின. மிகப் பெரிய வேறுபாடு என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஐயத்திற்கு இடமில்லாத வேறுபாடு.

இது தியாகமா?

மரத்தையும் ஆற்றையும் பரோபகாரத்திற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவது நம் நாட்டு நீதி நூல்களின் நெடுநாளைய வழக்கம். சால்மனின் வரலாற்றைக் கேட்கும் எவரும் உடனே அதையும் அந்த வரிசையில் சேர்த்துவிட விரும்புவார். கடலெல்லாம் திரிந்து சேர்த்ததைத் தன் பிறந்த மண்ணுக்குக் கொண்டுவந்து, உண்ணாமல், உறங்காமல், உடலையே அர்ப்பணிக்கும் தியாகி என்று ஒரு சொற்பொழிவை எளிதில் அமைத்துவிடலாம். ஆனால் எளிதில் அமைவது உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

சால்மன் மரத்தை அறியாது. கரடியை அறிந்தால் தப்பிக்கவே முயல்கிறது. அதன் மரணம்கூட அது தேர்ந்தெடுத்ததன்று. உடலின் சுரப்பிகள் குறித்து வைத்த நாளில் நிகழ்வது. அட்லாண்டிக் கடலின் சால்மன் முட்டையிட்ட பின்னும் சில வேளை பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மறு பருவத்தில் மீண்டும் வருவதுண்டு. அதனால் அட்லாண்டிக் சால்மன் தன்னலம் உடையது, பசிபிக் சால்மன் தன்னலம் அற்றது என்று கூறினால் நகைப்பே எஞ்சும்.

மீமாம்சகர்கள் யாகத்தை வரையறுக்கும்போது மூன்றைக் கூறினர்: திரவியம், தேவதை, தியாகம். அளிக்கப்படும் பொருள் வேண்டும். எவரைக் குறித்து அளிக்கப்படுகிறதோ அவர் வேண்டும். 'இது இனி என்னுடையதன்று' என்று விட்டுவிடும் சங்கல்பம் வேண்டும். மூன்றாவது இல்லாதபோது, தீயில் விழுந்த நெய் சிந்திய நெய்யே ஆகும். இந்த அளவுகோலின்படி சால்மனிடம் திரவியம் நிறைய இருக்கிறது, சங்கல்பம் இல்லை. சிபி மன்னன் புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்ததும், சால்மன் கரடியின் வாயில் அகப்பட்டதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்குவது மீனை உயர்த்துவதாகாது. சிபியைத் தாழ்த்துவதாகவே முடியும்.

மேலைநாட்டுச் சிந்தனையும் இதையே வேறு வழியில் கூறுகிறது. ரோமானியச் சிந்தனையாளர் செனெக்கா, உபகாரங்களைப் பற்றி எழுதிய நூலில், உபகாரத்தின் உயிர் அதைச் செய்பவரின் எண்ணத்தில் இருக்கிறது என்று வாதிடுகிறார். ஆறு பெரிய கலங்களைச் சுமந்து செல்கிறது என்பதற்காக எவரும் ஆற்றுக்குக் கடன்பட்டவராக மாட்டார் என்பது அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று. ஆற்றுக்குக் கொடுக்கும் எண்ணம் இல்லை. ஆகவே அது கொடுக்கவில்லை. ஆகவே பெற்றவர் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை.

இந்த வாதத்தின் முதல் இரு படிகளை மறுப்பது கடினம். மூன்றாவது படி, முதல் இரண்டிலிருந்து தானாகப் பிறப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் பிறக்கிறதா என்பதே இங்கு ஆராய வேண்டியது. ஏனெனில் அந்தப் படியின் மீது ஏறித்தான் ஒரு நூற்றாண்டுக் காலம் அந்த ஆறுகள் அடைக்கப்பட்டன.

அந்தக் கரையில் ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே வாழ்ந்த பழங்குடி மக்கள் வேறொரு வகையில் எண்ணினர். சால்மன்கள் கடலுக்கு அடியில் தம் வீடுகளில் மனித உருவில் வாழும் ஒரு குலத்தார். ஆண்டுதோறும் மீனுடலைப் போர்த்துக்கொண்டு மனிதரிடம் விருந்தாக வருகின்றனர் என்பது அவர்களுள் பலரது நம்பிக்கை. பருவத்தின் முதல் மீன் பிடிபட்டதும் அதை விருந்தினரை வரவேற்பதுபோல் வரவேற்று, சமைத்து, எல்லோரும் பகிர்ந்துண்டு, எலும்புகளைச் சிதறாமல் திரட்டி ஆற்றிலேயே விடுவர். ஓர் எலும்பு தொலைந்தாலும் அந்த மீன்மனிதன் ஊனத்தோடு எழுவான் என்று கதை சொல்வர். பல இடங்களில் இச்சடங்கு முடியும்வரை மற்றவர் மீன்பிடிக்கலாகாது. அந்த இடைவெளியில் முன்னே வந்த மீன்கள் தடையின்றி மேலே சென்றுவிடும் என்பது சடங்கின் பயன்.

செனெக்காவின் மாணவர் இதைக் கேட்டால், மீனுக்கு இல்லாத எண்ணத்தை மனிதர் கற்பித்துக்கொண்டனர். கற்பனையின் மேல் கடமையைக் கட்டினர் என்று கூறுவார். கதையைப் பொறுத்தவரை அவர் கூறுவது சரி. ஆயினும் சடங்கைக் கூர்ந்து நோக்கினால் அதன் மையம் மீனின் எண்ணம் அன்று, பெறுபவரின் நடத்தை. எலும்பைத் திருப்பித் தருபவன் மனிதன். காத்திருப்பவன் மனிதன். பகிர்பவனும் அவனே. கொடுப்பவரைப் பற்றிய கதை முழுவதையும் நீக்கிவிட்டாலும் பெறுபவரின் ஒழுக்கம் அப்படியே நிற்கிறது.

அந்த மக்களின் வாழ்வில் கொடை எவ்வளவு ஆழமானது என்பதற்கு 'பாட்லாட்ச்' என்னும் பெருவிருந்து சான்று. செல்வர் தம் செல்வத்தை அதில் வாரி வழங்குவர். எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதைவிட எவ்வளவு கொடுத்தார் என்பதே பெருமை. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் கொடையைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதை விரிவாக ஆராய்ந்தார். கனடா அரசோ 1885 முதல் 1951 வரை இதைச் சட்டத்தால் தடை செய்திருந்தது. சேர்ப்பது நாகரிகம், கொடுப்பது காட்டுமிராண்டித்தனம் என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் எழுதி வைத்த விந்தை அது.

நம் வேத மரபில் 'ருணம்' என்னும் கருத்து இருக்கிறது. மனிதன் பிறக்கும்போதே கடனாளியாகப் பிறக்கிறான்: தேவர்களுக்கு, ரிஷிகளுக்கு, மூதாதையருக்கு. சதபத பிராமணம் மனிதருக்குப் பட்ட கடனையும் இவற்றோடு சேர்க்கிறது. இந்தக் கடன் எந்த ஒப்பந்தத்தாலும் வந்ததன்று. பாட்டனுக்குப் பாட்டன் இன்னாரை மனத்தில் கொண்டு எதையும் கொடுக்கவில்லை. பிறக்கப்போகிறவனை அவர் அறிந்திருக்கவே இயலாது. ஆயினும் கடன் உண்டு. ஏன்? கடன் என்பது கொடுத்தவரின் எண்ணத்தால் பிறப்பது மட்டுமன்று. பெறாமல் தான் இல்லை என்பதை உணர்வதாலும் பிறக்கிறது. செனெக்கா பேசியது நன்றியைப் பற்றி. நன்றி ஒரு முகத்தை நோக்கிச் செல்வது. அதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும். கடன் அப்படியன்று. முகமில்லாததற்கும் ஒருவர் கடன்படலாம்.

மூதாதையர் கடன் என்னும்போது சால்மன் ஓடையில் நிகழும் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. கோஹோ குஞ்சுகள் ஓராண்டுக்கு மேல் ஓடையில் தங்குபவை. அவற்றின் வயிற்றை ஆராய்ந்தவர்கள் அங்கே சால்மன் முட்டைகளையும் இறந்த சால்மன்களின் தசையையும் கண்டனர். முந்தைய தலைமுறையின் உடலை நேராக உண்டும், அவ்வுடலை உண்ட பூச்சிகளை உண்டும் இளைய தலைமுறை கடலுக்குச் செல்லும் வலிமை பெறுகிறது. பெற்றோர் பிள்ளைகளைக் கண்டதில்லை. பிள்ளைகள் பெற்றோரை உணவாகவே அறிகின்றன.

அந்த ஓடையில் கரடி பெறுகிறது, மரம் பெறுகிறது, குஞ்சு பெறுகிறது, மனிதனும் பெறுகிறான். இவர்களுள் தான் பெறுவதை அறியக்கூடியவன் மனிதன் ஒருவனே. கரடி பாதி மீனை வீணாக்கினால் குற்றமில்லை. கடமை, அறிவு உள்ள இடத்தில் வந்து தங்குகிறது. கொடுக்கும் பக்கத்தில் எண்ணம் இல்லை என்பது பெறும் பக்கத்தில் உள்ள எண்ணத்தை விடுவித்துவிடாது.

கொடையைப் பற்றி இன்னொரு தயக்கமும் உண்டு. சால்மன் கொண்டுவருவது எல்லாம் நன்மையா? பிரிட்டிஷ் கொலம்பியாவின் 'கிரேட் பேர்' மழைக்காட்டில் 50 ஓடைகளை ஆராய்ந்து ஹாக்கிங், ரேனால்ட்ஸ் என்னும் இருவர் 2011-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். சால்மன் மிகுந்த ஓடைகளின் கரையில் வளமான மண்ணை விரும்பும் சால்மன்பெர்ரி போன்ற புதர்கள் செழித்தன. ஆனால் வளம் குன்றிய மண்ணுக்குப் பழகிய செடிகள் பின்தள்ளப்பட்டன. தாவர வகைகளின் எண்ணிக்கை மொத்தத்தில் குறைந்தது. எல்லோருக்கும் சமமாக வந்து சேர்வதில்லை இந்தக் கொடை.

இதைவிடக் கலங்க வைப்பது 2003-இல் வெளிவந்த செய்தி. மனிதர் தொழிற்சாலைகளில் செய்த பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள், உலகக் கடல்களில் பரவி, சால்மனின் கொழுப்பில் சேர்ந்து, ஆலையே இல்லாத அலாஸ்காவின் ஏரிகளை அடைந்து, அங்கே படிந்திருந்தது. மீன் அதிகம் வந்த ஏரியில் நஞ்சும் அதிகம். சால்மனுக்குத் தேர்ந்து கொடுக்கும் சங்கல்பம் இல்லை என்று மேலே கண்டோம்; அதன் விளைவு இது. கடலில் எதை இட்டாலும் அதைச் சுமந்து மலை ஏறும். நைட்ரஜனை ஏற்றிய அதே பாதையில் நஞ்சையும் ஏற்றும். சியாட்டில் நகரப் பகுதியின் ஓடைகளில் கோஹோ சால்மன்கள் முட்டையிடும் முன்பே திணறி இறந்து வந்ததற்கான காரணம் 2020-இல் கண்டறியப்பட்டது: வாகன டயர்கள் தேய்ந்து சிந்தும் துகளில் உள்ள ஒரு வேதிப்பொருளின் மாற்றம். மழை அதைச் சாலையிலிருந்து ஓடைக்குக் கழுவிச் சென்றது. வயிறு நிறையச் சினையோடு, சேர வேண்டிய இடத்தை அடைந்த பிறகு, அவை இறந்தன.

அடைக்கப்பட்ட ஆறுகள்

கொலம்பியா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிராண்ட் கூலி அணை 1942-இல் நிறைவுற்றது. அதில் மீன் ஏறிச் செல்ல வழியே வைக்கப்படவில்லை. அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த கெட்டில் அருவியில், பல குலத்துப் பழங்குடியினர் 1940-இல் கூடி, பன்னெடுங்காலம் மீன்பிடித்து வந்த அந்த இடத்திற்குக் கண்ணீரோடு விடை கொடுத்தனர். அந்த நிகழ்ச்சி 'கண்ணீர்ச் சடங்கு' என்றே வரலாற்றில் வழங்குகிறது. 1957-இல் கீழே செலிலோ அருவியும் மற்றோர் அணையால் மூழ்கிற்று. மின்சாரமும் பாசனமும் வேண்டியவையே. அணை கட்டியவர்களைக் கொடியவர்கள் என்பது பொருந்தாது. ஆனால் அவர்களின் கணக்கேட்டில் மீனுக்கு விலை இருந்தது. மீன் மலைக்குக் கொண்டு சென்றதற்கு ஒரு வரிகூட இல்லை. கொடுப்பவர் இல்லாத கொடைக்கு ரசீதும் இல்லை.

1991-இல் ரெட்ஃபிஷ் ஏரியின் சாக்கை, அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1992-இல் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஓர் ஆண் மீன். அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குப் பகுதி ஆறுகளுக்கு முற்காலத்தில் சால்மன் கொண்டுவந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் 6 முதல் 7 விழுக்காடே இப்போது வந்து சேர்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் நாட்டிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு: கடலிலிருந்து கங்கையில் ஏறி அலகாபாத் வரையிலும் அதற்கு அப்பாலும் சென்ற ஹில்சா மீன், 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் மேற்பகுதியில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஹில்சா முட்டையிட்டவுடன் இறப்பதில்லை. இருப்பினும் அதை நம்பியிருந்த படகுகளின் நிலை ஒன்றுதான்.

குறையை ஈடுசெய்ய ஒரு வழி கண்டனர். மீன் வளர்ப்பு நிலையங்களில் இறந்த சால்மன்களை வண்டிகளில் கொண்டுவந்து, தன்னார்வலர்கள் ஓடைகளில் இடுகின்றனர். மீன்தூளை வில்லைகளாகச் செய்து இடுவதும் உண்டு. இதனால் பூச்சிகளும் குஞ்சுகளும் பயன் பெறுகின்றன. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயல் இது, இகழ்வதற்கில்லை. ஆனால் இதன் தன்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். சால்மன் சத்தை மட்டும் கொண்டுவரவில்லை. படுகையைக் கிளறிக் கற்களின் மண்ணைக் கழுவிற்று. வாரக்கணக்கில் சிறிது சிறிதாக வந்து இறந்தது. அதற்கென்று எவரும் செலவிடவில்லை, எவரும் நினைவு வைத்திருக்கவும் வேண்டியிருக்கவில்லை. இப்போது ஆண்டுதோறும் எவரேனும் நினைவு வைத்து, நிதி ஒதுக்கி, சுமந்து வந்து இட வேண்டும். எண்ணமே தேவைப்படாத கொடையின் இடத்தில், எண்ணம் ஒருநாள் தவறினாலும் நின்றுவிடும் கொடை வந்திருக்கிறது. சங்கல்பம் இருப்பதால் இதுவே அறத்தில் உயர்ந்தது என்று வாதிடலாம். காடு இந்த வாதத்தால் நிறைவடைவதில்லை.

இன்னொரு வழி, எதையும் கொடுக்க முயலாமல் தடையை மட்டும் அகற்றுவது. வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் 1913-இலும் 1927-இலும் எழுந்த இரண்டு அணைகளை இடிக்கும் பணி 2011 செப்டம்பரில் தொடங்கி 2014-இல் முடிந்தது. அங்கு வாழும் கிளாலம் பழங்குடியினர் பல ஆண்டுகள் வாதாடிப் பெற்றது இது. கலிபோர்னியா, ஒரிகன் மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்றில் யூரோக், காருக், கிளாமத் மக்களின் நெடிய போராட்டத்திற்குப் பின் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. முதலாவது 2023-இல், மற்ற மூன்றும் 2024-இல். இவற்றைக் கட்டிய நிறுவனங்களோ, கட்டியபோது மகிழ்ந்த ஊர்களோ இப்போது கடனைத் தீர்க்க வரவில்லை. தாம் அடைக்காத ஆற்றைத் திறந்துவிடும் பொறுப்பை வேறொரு தலைமுறை ஏற்றது. ருணம் என்பதன் வழக்கமான போக்கும் அதுவே.

பணி முடிந்த சில வாரங்களில், 2024 அக்டோபரில், ஒரிகனில் ஜே. சி. பாயில் அணை இருந்த இடத்திற்கு மேலே ஒரு கிளையாற்றில் சினுக் சால்மன்கள் காணப்பட்டன. 1912-க்குப் பிறகு அங்கே கடலிலிருந்து வந்த மீன் எதுவும் இல்லை. ஆகவே, வந்தவை பிறந்த இடத்தின் மணத்தைத் தொடர்ந்து வந்தவை அல்ல. அவற்றின் முன்னோர் பல தலைமுறைகளாக அணைக்குக் கீழேயே பிறந்தவர்கள். திரும்பி வரும் சால்மன்களில் சிறு பகுதி எப்போதும் பிறந்த ஓடையை விட்டு வேறோர் ஓடையில் ஏறிவிடும். பனியாறுகள் விலகிய பின் புதிய ஆறுகளில் சால்மன் குடியேறியதும் இந்த வழியில்தான். வழி திறந்திருந்ததால் அவை மேலே சென்றன.